விடுதி அறைக்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்: லிட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கல்லூரி விடுதி அறைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். வாங்கி இரண்டு மாதம் போன பிறகு அவர்கள் சொல்லும் குறைகளில் லிட்டர் அதிகம் வராது. மேல்தட்டில் வைத்த பால் உறைந்து கட்டியாகிவிடும். அதே நாளில் கதவில் வைத்த பால் திரிந்துபோகும். ஃப்ரீசரின் சின்னக் கதவு ஐஸில் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. கீழே தண்ணீர் தேங்கி நிற்கும். இவை எல்லாமே பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து கிளம்புகின்றன: ஒற்றைக் கதவுக் குட்டி ஃப்ரிட்ஜின் மேல் மூலையில் இருக்கும் ஃப்ரீசர் பெட்டி. கடையில் பார்க்கும்போது அது கூடுதல் வசதியாகத் தெரியும். விடுதியில் இருக்கும் பலருக்கு அது இல்லாத மாடல்தான் நல்லது.

குளிர் எங்கிருந்து வருகிறது

"மினி ஃப்ரிட்ஜ்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெல்டியர் வகையில் கம்ப்ரஸர், அதாவது குளிர்விக்கும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார், கிடையாது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் சூடாகும் ஒரு சிறு சில்லும், அந்தச் சூட்டை வெளியே தள்ளும் மின்விசிறியும்தான் உள்ளே இருக்கும். தூக்கிச் செல்ல எளிது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அறை வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரைதான் அதனால் இறக்க முடியும். அறை 32 டிகிரி இருந்தால் உள்ளே 12 டிகிரிக்குக் கீழே போகாது. பாலும் சமைத்த உணவும் கெடாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். எனவே பெல்டியர் பெட்டியில் குடிக்கும் தண்ணீரையும் அழகுசாதனப் பொருளையும் வைக்கலாம். உணவை நம்பி வைக்கக் கூடாது. அது இடைவெளி விடாமல் ஓடும் என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 60 வாட்ஸ் என்றால் நாள் முழுவதும் 60 வாட்ஸ், அதாவது ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். ஆண்டுக்கு 200 யூனிட் என்று லேபிள் போட்ட கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். பெட்டியின் மேல் "அறை வெப்பத்தைவிட இத்தனை டிகிரி குறைவு" என்று அச்சிட்டிருந்தால் அது பெல்டியர் என்று தெரிந்துகொள்ளலாம். கொள்ளளவு 4, 6, 10 லிட்டர் என்று இருப்பதும் அநேகமாக இந்த வகைதான்.

கம்ப்ரஸருக்குப் பதில் சூட்டைக் கொண்டே குளிர்விக்கும் அப்சார்ப்ஷன் வகை ஹோட்டல் அறைகளில் அதிகம் இருப்பது. அசையும் பாகமே இல்லாததால் சத்தம் வராது. ஆனால் வெயில் காலத்தில் திணறும், தரை சமமாக இல்லாவிட்டால் சரியாகக் குளிராது, மின்சாரமும் கூடுதலாக எடுக்கும். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது.

உணவு வைக்க வேண்டும் என்றால் கம்ப்ரஸர் வகைதான். கண்ணாடிக் கதவு போட்ட பானக் குளிர்விப்பானும் கம்ப்ரஸரில் ஓடுவதுதான். ஆனாலும் அவற்றில் பல 5 முதல் 10 டிகிரி வரை வைப்பதற்கே வடிவமைக்கப்பட்டவை. கண்ணாடி வழியாகக் குளிரும் கசியும்.

அந்த ஃப்ரீசர் பெட்டி

ஒற்றைக் கதவு மாடலில் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுதான் குளிர்விப்பான். முழு ஃப்ரிட்ஜுக்கும் குளிர் தருவது அது ஒன்றே. அது பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போனால்தான் கீழ்த்தட்டு 5 டிகிரிக்கு வந்து சேரும். அதனால் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் கீரையும் முட்டையும் உறைகின்றன. கதவில் உள்ளவை குளிராமல் நிற்கின்றன.

குளிரை அளந்து கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் பெரும்பாலும் அந்தத் தகட்டோடு ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கும். அது தகட்டின் குளிரை அளக்கிறது. உங்கள் பாலின் குளிரை அளப்பதில்லை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையும் ஈரக்காற்று தகட்டின்மேல் பனியாகப் படியும். பனி தடித்தால் தகட்டின் மேல் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். தகடு மட்டும் சீக்கிரம் குளிர்ந்து, தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கீழே உள்ள பாலுக்குக் குளிர் போய்ச் சேராது. பால் திரிந்ததும் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை 4-லிருந்து 6-க்குத் திருப்புவார்கள். பனி இன்னும் தடிக்கும், மேல்தட்டு உறையும், கீழ்த்தட்டு அப்படியே இருக்கும். இந்த நிலையில் குமிழை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை. அணைத்துப் பனியைக் கரைத்தால்தான் சரியாகும்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டால் கிடைப்பது என்ன? 45 லிட்டர் ஃப்ரிட்ஜில் அந்தப் பெட்டி நாலைந்து லிட்டர்தான் இருக்கும். ஒரு ஐஸ் தட்டு போகும். ஃப்ரீசரின் குளிர்த்திறனைச் சொல்ல அதன்மேல் நட்சத்திரக் குறி இருக்கும்: ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மின்சிக்கனத்துக்கான நட்சத்திரம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உறைய வைத்த உணவை மாதக்கணக்கில் காக்க மைனஸ் 18 வேண்டும். குட்டிப் பெட்டிகள் பலவற்றில் ஒரு நட்சத்திரம் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அவற்றில் ஐஸ்க்ரீம் குழைந்துதான் இருக்கும்.

ஃப்ரீசர் பெட்டி இல்லாத மாடலில் குளிர்விப்பான் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது பின்சுவரில் மெல்லிய பனி படியும்; நின்றதும் அது கரைந்து வழிந்து, கீழே ஒரு சிறு துளை வழியாகப் பின்னால் கம்ப்ரஸர் மேல் உள்ள தட்டுக்குப் போய் ஆவியாகிவிடும். பின்சுவரில் நீர்த்துளிகள் நின்றால் பழுது என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். எல்லாத் தட்டுகளும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும். உயரமான பாட்டிலும் நிற்கும். செய்ய வேண்டியது இரண்டே: பின்சுவரைப் பொருள்கள் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுவது, அந்தத் துளையை மாதம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்து ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பார்ப்பது. காய்கறித் தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் துளையைத்தான்.

உறைந்த உணவு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இரண்டு கதவு வைத்த 85 முதல் 100 லிட்டர் மாடலுக்குப் போக வேண்டும். அதிலும் ஃப்ரீசர் கதவில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்குங்கள்.

இன்சுலின் போன்ற மருந்து வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் கரைந்த பிறகும் பயன்படுத்தக் கூடாது. பார்வைக்கு வேறுபாடு தெரியாமலும் போகலாம். அவர்கள் ஃப்ரீசர் பெட்டி இல்லாத கம்ப்ரஸர் மாடலை எடுத்து, மருந்தை மூடி போட்ட டப்பாவில் நடுத்தட்டில் வைத்து, பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரும் வைக்க வேண்டும்.

எவ்வளவு பெரியது

கன அடியில் போட்டிருந்தால் 28.3-ஆல் பெருக்குங்கள். 1.7 கன அடி 48 லிட்டர், 3.2 என்றால் 91, 4.5 என்றால் 127. 48 லிட்டர் ஃப்ரிட்ஜ் பொதுவாக அகலம், ஆழம், உயரம் மூன்றிலும் 45 முதல் 50 செ.மீ. வரை இருக்கும் ஒரு கனசதுரம். மேசைக்குக் கீழே போகும், ஆனால் உள்ளே இரண்டு தட்டுதான். 90 லிட்டர் ஃப்ரிட்ஜ் தரையில் அதே இடத்தைத்தான் எடுக்கும். உயரம் மட்டும் 85 செ.மீ. அளவுக்குப் போகும். 48 லிட்டர் எடுத்தால் மின்செலவும் பாதிக்குப் பாதி என்று குறைவதில்லை. பெட்டி சிறியதாக ஆக, உள்ளிருக்கும் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெப்பம் நுழையும் சுவர்ப்பரப்பு அதிகம். அறையில் உயரத்துக்குத் தடை இல்லையென்றால், இருவர் பகிர்ந்துகொள்ள 90 லிட்டர் பக்கம் போவதே சரி. ஒருவருக்கு, தினமும் பாலும் பழமும் ஒரு வேளை உணவும் மட்டும் என்றால் 48 லிட்டர் போதும்.

லேபிளில் மொத்தக் கொள்ளளவு, பயன்படும் கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கலாம். இரண்டாவதை மட்டும் பாருங்கள். அதையும் முழுதாக நம்ப முடியாது. கீழ்ப்பகுதியில் பின்னால் கம்ப்ரஸருக்காக ஒரு மேடு எழும்பியிருக்கும். மேல்தட்டில் சாதாரணமாகப் போகும் பாத்திரம் அங்கே போகாது. கடைக்குப் போகும்போது நீங்கள் தினமும் பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலையும் உணவு டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாட்டிலைக் கதவில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள். இரண்டு லிட்டர் பாட்டில் 30 செ.மீ.க்கு மேல் உயரம் இருக்கும். பல குட்டி ஃப்ரிட்ஜ்களின் கதவில் அது நிற்காது, நின்றாலும் உள்தட்டில் இடித்துக்கொண்டு கதவு ஒரு நூலளவு திறந்தே இருக்கும். அந்த நூலளவுதான் பிறகு பனியாக வளரும்.

அறை சொல்வதைக் கேளுங்கள்

முதலில் விடுதி விதி. சில விடுதிகள் லிட்டரில் வரம்பு வைக்கும், சில ஆம்பியரில், சில வாட்ஸில். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தகட்டில் வோல்டேஜும் ஆம்பியரும் இருக்கும். வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ் தோராயமாகக் கிடைக்கும். அறைக்கு ஒன்றுதான் என்ற விதி இருந்தால், அறைத்தோழரும் நீங்களும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டு நிற்க வேண்டாம். வாங்கும் முன் பேசிவிடுங்கள்.

அதே தகட்டில் தட்பவெப்ப வகுப்பு ஒன்றும் குறித்திருக்கும். 'என்' (N) என்றால் 16 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு, 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை. மொட்டை மாடிக்குக் கீழே வெயிலில் காயும் அறைக்கு 'என்' வகுப்பு ஃப்ரிட்ஜ் வாங்கினால் மதிய நேரத்தில் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அப்படியும் குளிராது.

இப்போதைய மாடல்கள் பலவற்றில் பின்னால் கறுப்புக் கம்பிவலை இருக்காது. சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவர்களுக்குள் போயிருக்கும். அதனால் பக்கங்கள் சூடாவது இயல்பு. அந்தச் சூடு வெளியேற இடம் வேண்டும். கையேட்டில் சொன்ன இடைவெளியை விடுங்கள். கையேடு இல்லையென்றால் பின்னாலும் பக்கங்களிலும் 10 செ.மீ. இடம் விடுங்கள். அலமாரிக்குள் தள்ளுவது, மேலே துணி போர்த்துவது, பக்கத்தில் மெத்தையைச் சாய்த்து வைப்பது, எல்லாமே கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும். மேலே மைக்ரோவேவ் வைக்கலாமா என்பதற்கும் கையேடுதான் பதில்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்காமல் வாங்கி, கட்டில் காலில் இடித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கதவு 90 டிகிரியைத் தாண்டித் திறந்தால்தான் பல மாடல்களில் தட்டை வெளியே இழுக்க முடியும். கீலைப் பக்கம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நீங்கள் தூங்கும் அறையிலேயே இது ஓடப் போகிறது. லேபிளில் டெசிபல் எண் இருந்தால் 40-க்குக் கீழே தேடுங்கள்; 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். வாங்கிய பின் வரும் உறுமலில் பாதி இயந்திரத்தின் குறை அல்ல. முன் கால் திருகைச் சுற்றி நான்கு காலும் தரையில் அழுந்தும்படி செய்யுங்கள். சுவரைத் தொடாமல் நகர்த்துங்கள். ஒட்டி நிற்கும் கண்ணாடி பாட்டில்களைப் பிரித்து வையுங்கள். உள்ளீடற்ற மரப்பெட்டியின் மேல் வைத்தால் அது மத்தளம்போல் அதிர்வைப் பெருக்கும். தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டுப் பக்கம் வைப்பதும் உதவும்.

பிளக்கை மூன்று முனை எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 100 வாட்ஸ்கூட எடுக்காது. தொடங்கும் கணத்தில் மட்டும் பல மடங்கு இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதனோடு 1500 வாட்ஸ் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகும்போதுதான் தளர்ந்த இணைப்பு சூடாகி உருகுகிறது. கரண்ட் போய் வந்தால் 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். உள்ளே கேஸின் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸரால் சுழல முடியாது. "டிக்" என்று ஒரு சத்தத்தோடு நின்று நின்று முயலும்.

கொண்டுவந்த முதல் நாள்

நிமிர்த்தியே கொண்டுவருவது நல்லது. வண்டியில் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது, குறைந்தது 4 மணி நேரம், நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

காலியாகச் சில மணி நேரம் ஓடட்டும். குமிழில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரி கிடையாது. பெரிய எண் என்றால் கூடுதல் குளிர், அவ்வளவுதான். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் அதுதான் உங்கள் எண். வெயில் காலமும் குளிர் காலமும் மாறும்போது திரும்பப் பாருங்கள்.

பாதிக் காலியாக இருந்தால் இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைப்பது நல்லது. குளிர்ந்த நீர் கதவு திறக்கும்போது ஏறும் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்காகக் காற்று நகர இடமில்லாமல் அடைக்காதீர்கள். சூடான உணவை அகலமான, ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த 2 மணி நேரத்துக்குள் மூடி உள்ளே வையுங்கள். மூடாத குழம்பிலிருந்து எழும் ஈரம் நேராகப் பனியாகத்தான் போகும்.

பனியைக் கரைப்பது

ஃப்ரீசர் பெட்டியுள்ள மாடலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இது மிகவும் முக்கியம். பனி 5 மி.மீ. தடித்ததும் கரைத்துவிடுங்கள், அதற்குமேல் விட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு ராத்திரி வேலையாகும்.

பிளக்கைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டைக் காலி செய்து, கரையும் நீரைப் பிடிக்க அங்கேயே வையுங்கள், முன்னால் தரையில் தடிமனான துண்டு. மடித்த துணியின் மேல் ஒரு கிண்ணம் சூடான நீரை ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்து, அதன் கதவை மூடிவிட்டு, பெரிய கதவைத் திறந்து வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மூன்றாவது தடவையில் ஐஸ் தகட்டைவிட்டுக் கழன்று பலகைபோல் கையோடு வரும். வராவிட்டால் காத்திருங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதையும் தொடாதீர்கள். அந்தத் தகடு இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒட்டி, இடையில் கேஸ் ஓட வழி விட்டுச் செய்தது. ஊசித்துளை போதும், "உஸ்" என்ற சத்தத்தோடு கேஸ் போய்விடும். பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் புது ஃப்ரிட்ஜை நெருங்கிவிடும். புதிய மாடல்களில் உள்ள ஆர்600ஏ கேஸ் 20, 30 கிராம் அளவில்தான் இருக்கும், ஆனால் எரியக்கூடியது. துளை விழுந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல், தீப்பெட்டி உரசாமல் சற்று நேரம் வெளியே நில்லுங்கள்.

கரைத்த இரண்டு வாரத்திலேயே பனி திரும்பத் தடித்தால் கதவு ரப்பரைச் சந்தேகப்படுங்கள். இரவில் விளக்கணைத்து, கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். எந்த இடத்தில் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் கீலுக்கு எதிர்ப்பக்க மேல் மூலையாக இருக்கும். கதவில் பாரம் ஏற்றியதால் அது தொங்கியிருக்கும். ரப்பரைச் சோப்பு நீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து இழுத்துவிட்டால் பல நேரம் வடிவத்துக்குத் திரும்பும்.

பழையது வாங்கினால்

படிப்பு முடித்துப் போகிறவர்களிடம் நல்ல ஃப்ரிட்ஜ் கிடைக்கும். ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஃப்ரீசர் தகட்டைத் தொட்டுப் பாருங்கள்: முழுவதும் ஒரே சீராகப் பனி பூத்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமனே என்றால் கேஸ் குறைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். குமிழைக் குறைத்தால் "டிக்" என்று கம்ப்ரஸர் நிற்க வேண்டும். பிளக் முனை கறுத்திருக்கிறதா, தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாடை இருந்தால் அதை மட்டும் காரணமாக வைத்து ஒதுக்க வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்தால் போகும். பூஞ்சை ரப்பர் மடிப்புக்குள் ஊறியிருந்தால்தான் சிரமம்.

விடுமுறைக்குப் போகும்போது முந்தைய நாளே பிளக்கைக் கழற்றிக் கரைத்து, துடைத்துக் காயவிடுங்கள். கிளம்பும்போது கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி இடையில் செருகுங்கள். ஈரத்தோடு மூடிய ஃப்ரிட்ஜில் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.